முட்டிக்கு மறுஜென்மம்: ரசீது எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. காபியைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டிருக்கும் வீடுகளில் மூன்று புகார்கள் நிரந்தரம். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை, முட்டி வலி. முதல் இரண்டுக்கும் நம்மால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை. மூன்றாவதற்காவது ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கிளம்புகிறோம். அந்த அவசரத்தைக் காசாக்க இப்போது ஒரு பெரிய கடைவீதியே திறந்திருக்கிறது. 'ஆபரேஷன் வேண்டாம், உங்கள் செல்லே உங்கள் ஜவ்வை வளர்த்துவிடும்' என்ற ரீதியில் போர்டு, துண்டுப்பிரசுரம், வாட்ஸப் வீடியோ, காலனி ஹாலில் இலவச முகாம். பி.ஆர்.பி., ஸ்டெம் செல், ஜெல் ஊசி, பேக்கேஜ், இஎம்ஐ வசதி.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் மற்றவர்களின் காகிதங்களைச் சரிபார்த்துப் பிழைப்பவன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஞ்ஞானம் பொய் இல்லை. ஆனால் விஞ்ஞானம் எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கு வெகுதூரம் முன்னால் போய் நின்று விற்கிறார்கள். அந்த இடைவெளியில் விழுவது நம் பெற்றோரின் டெபாசிட் பணம்.

புனேவுக்கும் மூட்டு வலி ஆராய்ச்சிக்கும் பழைய தொடர்பு உண்டு. 1996ல் புனே மாவட்டத்தின் பிக்வண் கிராமத்தில் டாக்டர் அரவிந்த் சோப்ராவின் குழுவினர் வீடு வீடாகப் போய் மூட்டு, தசை வலிக்காரர்களைக் கணக்கெடுத்தார்கள். நாலாயிரத்துச் சொச்சம் பேரில் சுமார் 18 சதவீதம் பேருக்கு வலி இருந்தது. அதுவும் கரும்பும் மாடும் பார்த்துப் பிழைக்கும் உழைப்பாளி ஜனங்கள். 2016ல் வெளியான இன்னொரு ஆய்வு ஆக்ரா, பெங்களூரு, கொல்கத்தா, டேராடூன், புனே ஆகிய ஐந்து ஊர்களில் முட்டித் தேய்மானத்தை மட்டும் பார்த்தது. சோதித்தவர்களில் 28.7 சதவீதம் பேருக்குத் தேய்மானம். ஆக, உங்கள் அம்மா தனி ஆள் இல்லை. இவ்வளவு பெரிய கூட்டம் இருக்கிற இடத்தில் கடை வராமல் இருக்குமா?

ஏன் தானாக ஆறுவதில்லை?

நாம் 'ஜவ்வு தேஞ்சு போச்சு' என்று சொல்வது குருத்தெலும்பை. எலும்பு முனையில் வழவழவென்று போர்த்தியிருக்கும் மெத்தை அது. அதில் ரத்தக்குழாய் கிடையாது. கையை வெட்டிக்கொண்டால் ரத்தம் வந்து, உறைந்து, செல்கள் ஓடிவந்து ஆற்றுகின்றன. குருத்தெலும்புக்கு அந்தப் பாக்கியம் இல்லை. இருக்கும் செல்களும் கொஞ்சம், அவை பெருகுவதும் மெதுவாக.

இதை மாற்ற முதலில் வழி காட்டியவர்கள் ஸ்வீடன்காரர்கள். நோயாளியின் குருத்தெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆய்வுக்கூடத்தில் செல்களைப் பெருக்கி, பள்ளத்தில் திரும்ப வைத்ததை 1994ல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் இதன் அடுத்த தலைமுறையான 'மாசி' 2016 டிசம்பரில் அனுமதி பெற்றது. நமக்குப் பக்கத்தில் லோனாவ்லாவில் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் ரீக்ரோ பயோசயன்ஸஸ் நிறுவனத்தின் 'கார்ட்டிக்ரோ'வுக்கு 2017ல் இந்திய அனுமதி கிடைத்தது.

நிற்க. இங்கேதான் முதல் குழப்பம். இவை எல்லாம் ஒரு பள்ளத்தை நிரப்புகிற வேலை. விளையாடும்போது அடிபட்ட இருபத்தைந்து வயதுக்காரரின் முட்டியில் ஒரு காசு அளவு ஜவ்வு பெயர்ந்துவிட்டால் அது பள்ளம். அறுபத்தெட்டு வயது அம்மாவின் முட்டி அப்படி இல்லை. மழைக்காலம் முடிந்த புனே ரோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழி என்றால் தார் போட்டு மூடலாம். ரோடு முழுக்கப் பெயர்ந்து, அடியில் ஜல்லியும் உட்கார்ந்து, ஓரமும் சரிந்திருந்தால்? தேய்மான நோயில் குருத்தெலும்பு மட்டுமல்ல, அடியில் உள்ள எலும்பு, உள்சவ்வு, வட்டத்தட்டு, காலின் வளைவு எல்லாமே சேர்ந்து கெடுகின்றன. பள்ளத்துக்கான வெற்றிக்கதையை ரோட்டுக்குக் காட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தின் முதல் சூட்சுமம்.

கடையில் உள்ள சரக்குகள்

ஒன்று, ஜெல் ஊசி. ஹயலூரானிக் அமிலம். முட்டியின் இயற்கையான மசகில் இருப்பதுதான். ஒரு காலத்தில் கோழிக் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் கிருமிகளை வைத்து நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். 2022ல் பிஎம்ஜே இதழ் பல பத்தாண்டு ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்ததில், வெறும் போலி ஊசியைவிட வலி குறைவது மிகச் சொற்பம், நோயாளி உணர்கிற அளவுக்கு இல்லை என்று வந்தது.

இரண்டு, பி.ஆர்.பி. உங்கள் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் நிறைந்த பகுதியைப் பிரித்து முட்டியில் போடுவது. ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் நடந்த ஆய்வு 2021 நவம்பரில் ஜாமா இதழில் வந்தது. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மீதிப் பேருக்கு அதே மாதிரி உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்துக்கு அளந்த வலி பி.ஆர்.பி. போட்டவர்களுக்கு 2.1 குறைந்தது. உப்புநீர் போட்டவர்களுக்கு 1.8 குறைந்தது. ஜவ்வின் அளவு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்துகொண்டுதான் போனது.

அந்த 1.8ஐ இன்னொரு முறை பாருங்கள். வெறும் உப்புநீர்! 'எங்க மாமியாருக்குப் போட்டோம், ஜம்முனு நடக்கறாங்க' என்று பக்கத்து ஃபிளாட்காரர் சொல்வது பொய் இல்லை. முட்டி வலி ஏறும், இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் டாக்டரிடம் ஓடுகிறோம். அதற்குப் பிறகு என்ன செய்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். கூடவே ஊசி போட்ட நம்பிக்கை, பிள்ளை கூட வந்த சந்தோஷம். இதனால்தான் பத்துப் பேர் சாட்சி சொன்னாலும் ஒரு ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வுக்கு ஈடாகாது. (பி.ஆர்.பி.க்கு ஆதரவான ஆய்வுகளும் இருக்கின்றன. தயாரிக்கும் முறை இடத்துக்கு இடம் மாறுகிறது. அதனால் விவாதம் முடியவில்லை. முடியாத விவாதத்தை முடிந்தது மாதிரி விற்கக்கூடாது என்பதே என் வாதம்.)

மூன்று, அன்றைக்கே எலும்பு மஜ்ஜையிலிருந்தோ வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ எடுத்துப் போடும் 'ஸ்டெம் செல்'. அமெரிக்காவில் சுமார் 480 பேரை வைத்து நடந்த ஆய்வு 2023ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகிய மூன்று வகைச் செல்களையும் சாதாரண ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து எதுவும் ஸ்டீராய்டைவிட மேலாக இல்லை. (ஸ்டீராய்டும் அடிக்கடி போட்டுக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு வருடம் போட்டால் ஜவ்வு கூடுதலாகத் தேய்கிறது என்று 2017ல் ஓர் ஆய்வு சொன்னது.)

நான்கு, ஆய்வுக்கூடத்தில் மருந்து மாதிரி தயாரான செல்கள். இதில் இந்தியாவுக்கு நிஜமாகவே பெருமைப்பட ஒன்று உண்டு. பெங்களூருவின் ஸ்டெம்ப்யூட்டிக்ஸ் நிறுவனம், தானம் கொடுத்தவர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்களைப் பெருக்கி 'ஸ்டெம்ப்யூசெல்' தயாரித்தது. 146 பேரிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை. முட்டிக்கு ஒரே ஒரு தடவை, இரண்டரைக் கோடி செல்கள். 2022ல் இந்திய அனுமதி வந்தது, ஆல்கெம் நிறுவனம் 'ஸ்டெம்ஒன்' என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு வருட முடிவில் வலியும் விறைப்பும் போலி ஊசியைவிட நன்றாகக் குறைந்தன. எம்ஆர்ஐயில், போலி ஊசிக்காரர்களின் ஜவ்வுத் தரம் கெட்டபோது இவர்களுக்குக் கெடாமல் நின்றது.

இரண்டு விஷயங்களை அடிக்கோடு போடுங்கள். ஒன்று, சோதித்தது இரண்டாம், மூன்றாம் நிலைத் தேய்மானக்காரர்களிடம். எலும்போடு எலும்பு உரசும் நான்காம் நிலை அதில் இல்லை. இரண்டு, 'கெடாமல் நின்றது' என்பது வேறு, 'புதிதாக வளர்ந்தது' என்பது வேறு. அசல் அப்படியே இருப்பதற்கும் வட்டி சேர்வதற்கும் உள்ள வித்தியாசம். உலக ஆய்வுகளை எல்லாம் சேர்த்து காக்ரேன் அமைப்பு 2025ல் சொன்ன தீர்ப்பும் இதை ஒட்டித்தான்: ஸ்டெம் செல் ஊசியால் வலியும் நடமாட்டமும் கொஞ்சம் மேம்படலாம், ஆனால் சான்றின் உறுதி குறைவு.

ஐந்து, செயற்கைச் சாரங்கள். அதாவது செல்கள் தொற்றி ஏறி வளர ஒரு சட்டம். பவளப்பாறைக் கனிமத்தில் செய்த 'அஜிலி-சி'க்கு அமெரிக்கா 2022 மார்ச்சில் அனுமதி கொடுத்தது. லேசான, நடுத்தரத் தேய்மானம் உள்ள முட்டிகளையும் அதன் ஆய்வில் சேர்த்துக்கொண்டது ஒரு முன்னேற்றம். நம் புனேவிலேயே பாஷாண் ரோட்டில் உள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடத்திலிருந்து பிறந்த ஒரு நிறுவனம் செரிஜென். டாக்டர் அனுயா நிசலும் டாக்டர் பிரேம்நாத் வேணுகோபாலனும் தொடங்கியது. மூலப்பொருள் என்ன தெரியுமா? பட்டு! காஞ்சிபுரம் புடவைக்கு நூல் தரும் அதே மல்பெரிப் புழுவின் கூட்டைக் காய்ச்சிப் பசையை நீக்கினால் மிஞ்சும் ஃபைப்ராயின் என்ற புரதம். உடம்பு அதை விரோதியாகப் பார்ப்பதில்லை, மெல்ல மெல்லக் கரைத்துக்கொள்கிறது. அதில் எலும்புக் குழியை நிரப்பும் பொருளையும், புண்ணுக்குப் போடும் பட்டையையும் உருவாக்கியிருக்கிறார்கள். கவனியுங்கள், எலும்புக்குழி. தேய்ந்த முட்டிக்கு அல்ல. அதை அவர்கள் தெளிவாகப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர்களின் அடையாளமே அதுதான், தங்கள் பொருள் எதற்கு, எதற்கு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

கொரியாவில் நடந்தது

'சர்க்கார் அனுமதி இருந்தால் போதாதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. தென் கொரியாவின் கோலோன் நிறுவனம் 'இன்வோசா' என்று முட்டித் தேய்மானத்துக்கு மரபணு-செல் ஊசி கொண்டுவந்தது. 2017ல் அனுமதி. 2019ல் பார்த்தால், குருத்தெலும்புச் செல் என்று சொன்ன சரக்கில் ஒரு பகுதி உண்மையில் சிறுநீரகத்திலிருந்து வந்த செல்! விற்பனை நின்றது, அதே வருடம் அனுமதி ரத்தானது. ஊசி போட்டுக்கொண்ட ஆயிரக்கணக்கானவர்களை நீண்ட காலம் கண்காணிக்க வேண்டிவந்தது. ஆனால் ஒன்று, அங்கே பதிவேடு இருந்ததால் தவறு வெளியே வந்தது. எந்தச் செல், எந்த பேட்ச் என்ற காகிதமே இல்லாத இடத்தில் தவறு நடந்தால் யாருக்குத் தெரியும்?

ஒரு டெபாசிட்

போன வருடம் கட்கியிலிருந்து ஒரு பெரியவர் மனைவியோடு எங்கள் கிளைக்கு வந்தார். நம்மூர்க்காரர், தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "தம்பி, இந்த எஃப்.டி.யை முறிச்சுக் குடுங்க" என்றார். முதிர்வுக்கு ஏழெட்டு மாதம் பாக்கி. முறித்தால் பேசின வட்டி போய்விடும், அதிலும் அபராதம் பிடிப்பார்கள் என்றேன். பரவாயில்லை, அம்மாவின் இரண்டு முட்டிக்கும் ஸ்டெம் செல், இந்த வாரம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு தாளை நீட்டினார்.

தாளில் மொத்தத் தொகை இருந்தது. மருந்தின் பெயர் இல்லை. தயாரிப்பாளர் பெயர் இல்லை. எத்தனை செல் என்று இல்லை. தேய்மானம் எந்த நிலை என்று இல்லை. அந்த அம்மாள் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால்கள் இரண்டும் வெளிப்பக்கம் வில்லாக வளைந்திருந்தன. "ஐயா, இவ்வளவு விவரத்துக்கு நாங்க ஸ்கூட்டர் லோன்கூடக் குடுக்க மாட்டோம். மருந்துப் பேரை எழுதி வாங்கிட்டு வாங்க, பணம் எங்கேயும் ஓடிடாது" என்றேன். பேரை எழுதித் தர அந்த இடத்தில் மறுத்துவிட்டார்கள். பிறகு வேறொரு எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரேயைக் காட்டியதில் நான்காம் நிலை என்றாராம்.

மருந்தே வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதை கிடையாது. ஆனால் பணம் கட்டுமுன் காகிதம் கேட்பது யாருக்கும் உரிமை. ஆகவே நான்கு கேள்விகள். ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

1. எக்ஸ்ரேப்படி தேய்மானம் எந்த நிலை? நின்றுகொண்டு எடுத்த எக்ஸ்ரே வேண்டும். நிலை தெரியாமல் ஊசி பேசுவது, வருமானம் பார்க்காமல் கடன் பேசுவது மாதிரி.

2. போடப்போவது என்ன? தயாரான பொருள் என்றால் பெயர், கம்பெனி, பேட்ச் எண், இந்த நோய்க்கு இந்திய அனுமதி உண்டா என்று எழுத்தில்.

3. இது சிகிச்சையா, ஆராய்ச்சியா? அனுமதி இல்லாத ஸ்டெம் செல்லை ஆராய்ச்சிப் பரிசோதனையாக மட்டுமே தரலாம் என்பது 2017 ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல். 2019 புதிய மருந்து விதிகளின்படி ஸ்டெம் செல் பொருள் 'புதிய மருந்து'. ஆராய்ச்சி என்றால் பதிவு எண் இருக்க வேண்டும், உங்களிடம் காசு வாங்கக் கூடாது. அனுமதியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, ஆனால் பில் மட்டும் உண்டு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

4. பலன் இல்லை என்றால் அடுத்து என்ன? ஆறு மாதம் கழித்து எதை வைத்து அளப்பார்கள்?

இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்றும் நம்பவேண்டாம். 2019ல் ஒழுங்குமுறை ஆணையம் நவீன சிகிச்சைகளைப் பாலிசியில் சேர்க்கச் சொன்னபோது, ஸ்டெம் செல் என்ற வரியில் ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றத்தைத்தான் குறிப்பிட்டது. முட்டி ஊசிச் செலவு பெரும்பாலும் சொந்தக் கைக்காசு.

'போட்டுப் பார்த்தால் என்ன நஷ்டம்?'

நான் அதிகம் கேட்கும் வாதம் இது. நஷ்டம் மூன்று. பணம் முதலாவது. இரண்டாவது, எந்த ஊசியும் மூட்டுக்குள் கிருமியைக் கொண்டுபோகக்கூடும், அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரிய வில்லங்கம். மூன்றாவதும் பெரியதும், காலம். 'அடுத்த ஊசியில் சரியாகும்' என்று மூன்று வருடம் ஓடுவதற்குள் தொடைத் தசை சுருங்கி, கால் வளைந்து, அம்மா லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியை விட்டு இறங்குவதையே நிறுத்தியிருப்பார். வலி தெரிகிற நமக்கு இந்தச் சிறைவாசம் தெரிவதில்லை.

மூட்டு மாற்று ஆபரேஷனைத் தோல்வியாகப் பார்ப்பதையும் விடவேண்டும். பிரதமராக இருந்தபோதே வாஜ்பாய் 2000 அக்டோபரில் ஒரு முட்டியையும் 2001ல் இன்னொன்றையும் மும்பையில் மாற்றிக்கொண்டார். புனேவின் டாக்டர் கே.எச். சஞ்சேத்தி இந்திய உடல்வாகுக்கென்றே 'இண்டஸ்' முட்டியை உருவாக்கினார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் விலை ஆணையம், அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமியம் முட்டிக்கு 54,720 ரூபாய் (வரி தனி) என்று உச்சவரம்பு வைத்தது. நாற்பது வருடம் சோதித்த இரும்புக்கு விலைக்கட்டுப்பாடு உண்டு, நேற்று வந்த ஊசி பேக்கேஜுக்கு இல்லை. இது என்ன நியாயம்?

அதற்காக நாளைக்கே ஆபரேஷன் என்றும் சொல்லவில்லை. டென்மார்க்கில் 2015ல் நூறு பேரிடம் செய்த ஆய்வில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குத்தான் நிவாரணம் அதிகம். ஆனால் உடற்பயிற்சி, எடைக் குறைப்பு என்று பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்த மற்ற பாதிப் பேரில், ஒரு வருடத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் 26 சதவீதம்தான். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியின் சுமை நாலு கிலோ குறைகிறது என்று 2005லேயே அளந்திருக்கிறார்கள். இதற்கு போர்டு வைக்க ஆளில்லை, ஏனென்றால் இதில் கமிஷன் இல்லை :-)

என்ன செய்யவேண்டும்?

அரசுக்கு: முட்டியில் செல் ஊசி போடும் ஒவ்வொரு இடமும் நோயாளி, நிலை, பொருள், பேட்ச், ஒரு வருடப் பலன் என்று ஒரு பொதுப் பதிவேட்டில் ஏற்றவேண்டும். வங்கியில் பத்தாயிரம் ரூபாய் கடனுக்கே அத்தனை படிவம் கேட்கிற நாட்டில் இது முடியாத காரியமா? நிஜமாக உழைக்கிற பெங்களூரு, புனே, வேலூர் ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அதுதான் நல்லது. போலிச் சரக்கு ஊரைக் கெடுத்தால் நாளை நல்ல மருந்து வரும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

நமக்கு: தூரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. கூட இருந்து பார்க்க முடியாததை ஒரு பெரிய செக்கில் ஈடுகட்டப் பார்க்கிறோம். இந்தக் கடைக்காரர்களுக்கு அது நம்மைவிட நன்றாகத் தெரியும். அம்மாவின் முட்டிக்கு முதலில் வேண்டியது நின்றபடி ஒரு எக்ஸ்ரே, மேற்கத்திய கழிப்பறை, கைப்பிடிக் கம்பி, கையில் தடி, ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட், சாயங்காலம் கூட நடக்க ஓர் ஆள். அதையெல்லாம் செய்துவிட்டு, நிலை இரண்டோ மூன்றோ என்றால், அனுமதியுள்ள செல் மருந்தைப் பற்றி எலும்பு டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். காகிதத்தோடு பதில் சொன்னால் யோசியுங்கள். இந்த வாரம்தான் தள்ளுபடி என்றால், அடுத்த வாரம் போங்கள்.

பி.கு.: இது மருத்துவ ஆலோசனை இல்லை. உங்கள் வீட்டில் ஊசி போட்டுக்கொண்ட அனுபவம் இருந்தால், நல்லதோ கெட்டதோ, எந்த நிலை, எந்தப் பொருள், ஒரு வருடம் கழித்து எப்படி என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்தவருக்கு உதவும்.